மழை எவ்வளவு, ஆறு எவ்வளவு? - ஒரு கணக்கின் 350 ஆண்டு வரலாறு

மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் வரும். இது பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "இன்றைக்கு 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், நாளைக் காலை 6 மணிக்கு ஆற்றில் விநாடிக்கு எத்தனை கன அடி ஓடும்?" இதற்கு விடை சொல்லத்தான் மனிதர்கள் 350 ஆண்டுகளாக முயன்று கொண்டிருக்கிறார்கள். இன்னும் முழு விடை கிடைத்தபாடில்லை!

இதற்கு என்ன அவ்வளவு முக்கியத்துவம் என்று தோன்றலாம். பாலம் எத்தனை அகலம் இருக்க வேண்டும், அணைக்கு எத்தனை ஷட்டர் வைக்க வேண்டும், ஏரியை முன்கூட்டியே திறந்துவிடுவதா அல்லது கோடைக்குச் சேர்த்து வைப்பதா, ஆற்றோரத்து மக்களை இன்று இரவே வெளியேற்றுவதா... இத்தனை முடிவுகளும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கின்றன. கணக்கு குறைத்துச் சொன்னால் வெள்ளத்தில் உயிர் போகும். கூட்டிச் சொன்னால், தேவையில்லாமல் திறந்துவிட்ட தண்ணீருக்காக அடுத்த கோடையில் குடத்தோடு அலைய வேண்டும்.

வானத்திலிருந்து விழும் நீருக்கும் ஆற்றில் ஓடும் நீருக்கும் நடுவே மண் என்று ஒன்று இருக்கிறது. அது மழையை என்ன செய்கிறது என்று ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையை ஒரே ஒரு எண்ணுக்குள் போட்டு மூடி வைத்தார்கள். பிறகு வந்த ஒவ்வொருவரும் அந்த மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். இந்தத் துறையின் வரலாறு சுருக்கமாக இவ்வளவுதான். விரிவாகப் பார்ப்போம்.

ஆறு எங்கிருந்து வருகிறது?

17-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் படித்தவர்கள் பலரும் "ஆறு முழுக்க ஓட மழை மட்டும் போதாது" என்றுதான் நம்பினார்கள். கடல் நீர் பூமிக்கு அடியில் உள்ள குகைகள் வழியாக மலைக்கு ஏறி, உப்பு நீங்கி, ஊற்றாக வெளிவருகிறது என்பது அன்றைய விளக்கம். அத்தனாசியஸ் கிர்ச்சர் என்ற அறிஞர் 1665-இல் வெளியிட்ட நூலில் இதைப் படங்களோடு காட்டியிருந்தார். மழை இல்லாத மாதங்களிலும் ஆறு ஓடுகிறதே என்பதுதான் இவர்கள் முன்வைத்த பலமான வாதம். யோசித்துப் பார்த்தால், நியாயமான சந்தேகம்தான்.

இதற்கு எண்களால் பதில் சொன்னவர் பியர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர். இவர் விஞ்ஞானி அல்ல. பாரிஸில் அரசு வரிப்பணம் வசூலிக்கும் பெரிய பதவியில் இருந்து, அதை இழந்தவர். சிண்ட்ரெல்லா கதையை எழுதிய சார்ல் பெரோவின் அண்ணன் என்றால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஊற்றுகளின் தோற்றம் பற்றி இவர் 1674-இல் ஒரு நூல் வெளியிட்டார். செய்ன் ஆறு பிறக்கும் இடத்திலிருந்து எய்னே-ல-டுக் என்ற ஊர் வரை உள்ள நிலப்பரப்பை எடுத்துக்கொண்டார். அங்கே ஓர் ஆண்டில் விழும் சராசரி மழை எவ்வளவு, அதே ஆண்டில் ஆற்றில் போகும் நீர் எவ்வளவு என்று இரண்டையும் மதிப்பிட்டு ஒப்பிட்டார். விடை: விழுந்த மழையில் ஆற்றுக்கு வேண்டியது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான்!

மழை போதாது என்று நூற்றாண்டுகளாகச் சொல்லிக் கொண்டிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மழை ஆறு மடங்கு இருக்கிறது. வரவு செலவுக் கணக்குப் பார்த்துப் பழகிய மனிதருக்கு இந்த யோசனை வந்தது பொருத்தம்தான். அதே காலத்தில் எட்மே மரியோட் என்பவர் பாரிஸ் நகரில் செய்ன் ஆற்றில் மிதவையை விட்டு நீரின் வேகத்தை அளந்து, இன்னும் பெரிய பரப்புக்கு இதே போன்ற முடிவுக்கு வந்தார். அவர் இறந்த பிறகு 1686-இல் அது அச்சானது.

ஆனால் விடை கிடைத்ததும் புதுக் கேள்வி பிறந்தது. மீதி ஐந்து பங்கு எங்கே போனது? மண் குடித்தது, மரம் குடித்தது, வெயில் குடித்தது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். எது எவ்வளவு, எப்போது என்பதுதான் சிக்கல்.

அயர்லாந்திலிருந்து ஒரு எளிய யோசனை

பெரோ பார்த்தது ஆண்டுக் கணக்கு. வெள்ளத்துக்கு ஆண்டுக் கணக்கு உதவாது, மணிக் கணக்கு வேண்டும். அதை முதலில் தெளிவாகச் சொன்னவர் தாமஸ் ஜேம்ஸ் மல்வேனி என்ற அயர்லாந்துப் பொறியாளர். ஆண்டு 1851. வயல்களில் தேங்கும் நீரை வடிய வைக்க அயர்லாந்தில் பெரிய வேலைகள் நடந்துகொண்டிருந்த காலம் அது.

அவருடைய யோசனை இதுதான். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மிகத் தொலைவான மூலையில் விழும் துளி, ஆற்றின் வாய்க்கு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரம் மட்டும் மழை பெய்து நின்றுவிட்டால், தொலைவு நீர் வந்து சேர்வதற்குள் பக்கத்து நீர் போய்விடும். இரண்டு மணி நேரம் விடாமல் பெய்தால்தான் பக்கத்து நீரும் தொலைவு நீரும் ஒன்றாக வந்து சேரும். வெள்ளம் உச்சத்தைத் தொடுவது அப்போதுதான்.

இதிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் சிவில் இன்ஜினியரிங் மாணவர் எல்லோருக்கும் மனப்பாடம். வெள்ளத்தின் உச்சம் = கெழு × மழையின் வேகம் × பரப்பு. ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? பரப்பு 1 சதுர கிலோமீட்டர். மழை மணிக்கு 36 மில்லிமீட்டர். அப்படியே எல்லாம் ஓடிவந்தால் விநாடிக்கு 10 கன மீட்டர். பாதி மண்ணுக்குள் போகிறது என்றால் கெழு 0.5. விடை விநாடிக்கு 5 கன மீட்டர், அதாவது சுமார் 176 கன அடி. அமெரிக்காவில் எமில் குய்ச்லிங் 1889-இல் ரோசெஸ்டர் நகரச் சாக்கடைகளுக்கு இதே வழியைக் கையாண்டார். நகரங்களின் மழைநீர் வடிகால்களுக்கு இன்றும் இந்தக் கணக்கு பயன்படுகிறது.

அந்தக் கெழுவைக் கவனியுங்கள். 0.5 என்று யார் சொன்னது? களிமண்ணுக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, தார் ரோட்டுக்கு ஒன்று என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். நான் முதலில் சொன்ன மூடி இதுதான். மண் செய்யும் அத்தனை வேலையும் இந்த ஒரு எண்ணுக்குள் அடங்கிவிட்டது.

மதராஸின் சூத்திரம்: மழையே இல்லாத கணக்கு

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் ரயில் பாதைகளும் பாலங்களும் ஏரிக் கலங்கல்களும் வேகமாகக் கட்டப்பட்டன. மணிக்கு மணி மழை அளக்கக் கருவி ஏது? ஆகவே இன்னும் எளிய வழியைத் தேடினார்கள். வட இந்தியாவுக்கு டிக்கென்ஸ் 1865-இல் ஒரு சூத்திரம் தந்தார். மதராஸ் மாகாணத்துக்கு ரைவ்ஸ் 1884-இல் ஒன்று தந்தார். தமிழ்நாட்டு ஏரிகளோடு சம்பந்தப்பட்டது என்பதால் ரைவ்ஸ் சூத்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் கனமூலத்தைக் கண்டு, அதை வர்க்கப்படுத்தி, ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். விடை விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் என்றால் கெழு 6.8. 80 முதல் 160 கிலோமீட்டர் வரை 8.5. மலையடிவாரம் என்றால் 10.2. உதாரணமாக, கடற்கரைக்கு அருகில் 27 சதுர கிலோமீட்டர் பரப்பு. கனமூலம் 3, வர்க்கம் 9, 6.8-ஆல் பெருக்கினால் 61 கன மீட்டர். பேனாவும் காகிதமும் போதும். அதனால்தான் நூறு ஆண்டுக்கு மேல் நிலைத்தது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? வெள்ளத்துக்கான சூத்திரம், ஆனால் அதில் மழையே இல்லை! மழை, மண், சரிவு, காடு எல்லாம் அந்த 6.8-க்குள் ஒளிந்திருக்கின்றன. ஒரு வட்டாரத்தில் அதுவரை பார்த்த வெள்ளங்களின் அனுபவம்தான் அந்த எண். பார்க்காத வெள்ளத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

அதே காலத்தில் வேறு மாதிரி யோசித்தவர்களும் இந்தியாவில் இருந்தார்கள். நாக்பூர் நகரத்தின் குடிநீர்த் திட்டத்தில் வேலை செய்த அலெக்சாண்டர் பின்னி, 1869 முதல் 1872 வரை அங்கே ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழையையும் ஓடிவரும் நீரையும் அளந்தார். அவருடைய அட்டவணைப்படி, ஆண்டு மழை 500 மில்லிமீட்டராக இருந்தால் அதில் 15 சதவீதம் ஓடிவரும். 1,100 மில்லிமீட்டராக இருந்தால் 40 சதவீதம் ஓடிவரும்.

இதைப் பெருக்கிப் பாருங்கள். முதல் ஆண்டில் ஓடிவருவது 75 மில்லிமீட்டர். இரண்டாம் ஆண்டில் 440 மில்லிமீட்டர். மழை இரண்டு மடங்குக்குச் சற்று மேல், ஆனால் நீர்வரத்து ஏறக்குறைய ஆறு மடங்கு! இதையே திருப்பிப் போட்டால் வறட்சியின் ரகசியம் புரியும். மழை பாதியானால் ஏரிக்கு வரும் நீர் பாதியாகாது, அதைவிட மோசமாகக் குறையும். மண் தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை ஆற்றுக்குக் கொடுக்கிறது. "மழை கொஞ்சம்தானே குறைந்தது, ஏரி ஏன் இப்படிக் காய்ந்தது?" என்று கேட்பவர்களுக்கு 150 ஆண்டுக்கு முந்தைய இந்த அட்டவணையிலேயே பதில் இருக்கிறது.

பின்னிக்குப் பிறகு ஸ்ட்ரேஞ்ச் என்ற பொறியாளர் 1892-இல் பம்பாய் மாகாணத்துக்கு அட்டவணைகள் தயாரித்தார். அதில் நிலம் காய்ந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா, நனைந்து கிடக்கிறதா என்பதையும் சேர்த்தார். மூடி கொஞ்சம் திறந்தது.

மோர்வி: கணக்கு தவறினால்...

வடிவமைப்பு வெள்ளம் என்று ஒரு எண்ணைத் தீர்மானித்துவிட்டுத்தான் அணை கட்டுவார்கள். அந்த எண் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு குஜராத்தின் மச்சு அணை சாட்சி. மச்சு ஆற்றில் கட்டிய இரண்டாவது அணை 1972-இல் முடிந்தது. விநாடிக்கு 5,663 கன மீட்டர், அதாவது 2 லட்சம் கன அடி வெள்ளத்தை வெளியேற்றும்படி வடிவமைத்திருந்தார்கள்.

1979 ஆகஸ்ட் 11 அன்று, நாள்கணக்கில் பெய்த பெருமழைக்குப் பிறகு, அணைக்கு வந்த வெள்ளம் வடிவமைப்பு அளவைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஷட்டர்களால் சமாளிக்க முடியாமல் நீர் மண் கரைக்கு மேலேறி வழிந்தது. கரை கரைந்தது. கீழே இருந்த மோர்வி நகரத்துக்குள் வெள்ளம் புகுந்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே மதிப்பீடுகள் 1,800 முதல் 25,000 வரை வேறுபடுகின்றன. காகிதத்தில் ஒரு எண்ணுக்கும் இன்னொரு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், ஒரு நகரம்.

ஷெர்மனின் வரைபடம்

நாற்பத்தேழு ஆண்டு பின்னோக்கிப் போவோம். வெள்ளத்தின் உச்சத்தை மட்டும் அல்லாமல், மணிக்கு மணி வெள்ளம் எப்படி ஏறி எப்படி இறங்கும் என்று முழுதாகச் சொல்லும் வழியை லெராய் ஷெர்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1932-இல் ஒரு பொறியியல் பத்திரிகையில் எழுதினார். பெயர் யூனிட் ஹைட்ரோகிராஃப். தமிழில் அலகு நீர்வரைவு எனலாம்.

யோசனை அழகானது. ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில், மண் குடித்தது போக மிச்சம் 1 சென்டிமீட்டர் மழை ஒரு மணி நேரத்தில் ஓடிவந்தால் ஆறு எப்படி ஏறி இறங்குகிறது என்று கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். சுமார் 25 சதுர கிலோமீட்டர் பகுதி ஒன்றில் அது முதல் மணியில் 10, பிறகு 30, 20, 10 கன மீட்டர் என்று இருக்கட்டும். 2 சென்டிமீட்டர் என்றால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கு: 20, 60, 40, 20. அடுத்த மணியில் இன்னும் 1 சென்டிமீட்டர் என்றால், ஒரு மணி தள்ளி 10, 30, 20, 10 என்று எழுதிக் கூட்டு. விடை: 20, 70, 70, 40, 10. அவ்வளவுதான்! கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் வெள்ளம் எப்போது உச்சத்துக்கு வரும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்று சொல்லிவிடலாம்.

1938-இல் ஸ்னைடர் என்பவர், ஆற்றை அளந்த பதிவே இல்லாத இடங்களுக்கும் ஆற்றின் நீளத்தையும் வடிவத்தையும் வைத்து இந்த வரைவைத் தயாரிக்க வழி சொன்னார். அணைகள் வேகமாகப் பெருகிய அந்தப் பத்தாண்டுகளில் உலகம் முழுக்க இது பரவியது.

ஆனால் "மண் குடித்தது போக" என்று சொன்னோமே, அது எவ்வளவு? ஷெர்மன் முறை அதைத் தொடவில்லை. மூடிக்கு வெளியே நடப்பதைத்தான் அழகாக விவரித்தது.

மண் என்ன செய்கிறது?

மூடியைக் கழற்றிப் பார்க்க வந்தவர் ராபர்ட் ஹார்ட்டன். மண்ணுக்கு நீரை உள்ளே வாங்கும் வேகம் என்று ஒன்று உண்டு. மழையின் வேகம் அதைத் தாண்டும்போது மிச்சம் தரைமேல் ஓடி ஆற்றுக்குப் போகிறது என்று 1933-இல் எழுதினார். காய்ந்த மண் முதலில் வேகமாகக் குடிக்கும், நேரம் போகப் போக வேகம் குறைந்து ஒரு நிலைக்கு வந்து நிற்கும். சட்டியில் மண் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலே இது தெரியும்.

முப்பது ஆண்டு இதுவே வேதம். ஆனால் காட்டுக்குள் போய் மழையில் நின்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. காட்டு மண் எவ்வளவு பெருமழையையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது, தரைமேல் ஓடும் நீரே கண்ணில் படுவதில்லை, ஆனாலும் ஓடையில் வெள்ளம் வருகிறதே! அமெரிக்காவின் வட கரோலினா மலைக்காடுகளில் ஆய்வு செய்த ஹியூலெட், வெர்மான்ட் மாநிலத்தில் சரிவுகளில் குழி வெட்டி அளந்த தாமஸ் டன் போன்றவர்கள் 1960-களிலும் 1970-ஐ ஒட்டியும் இதற்கு விடை கண்டார்கள். வெள்ளம் முழு நிலத்திலிருந்தும் வருவதில்லை. ஓடைக்கரையில் தாழ்வான நிலம் அடியிலிருந்து நனைந்து நிரம்பிவிடுகிறது. நிரம்பிய இடத்தில் விழும் மழை அப்படியே ஓடிவிடுகிறது. மழை தொடரத் தொடர இந்த நிரம்பிய பகுதி விரிகிறது, மழை விட்டதும் சுருங்குகிறது. பரப்பு என்று சூத்திரத்தில் நிலையாக எழுதிய எண்ணே நிலையானது அல்ல!

பானை அடுக்கும் கணினியும்

இத்தனையையும் கையால் கணக்கிட முடியாது. நல்ல வேளையாக அப்போது கணினி வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நார்மன் க்ராஃபோர்டும் ரே லின்ஸ்லியும் உருவாக்கிய மாதிரி 1966-இல் முழு வடிவம் பெற்றது. ஒரு வெள்ளத்தை மட்டும் பார்க்காமல், ஆண்டு முழுக்க மண்ணில் ஈரம் ஏறுவதையும் இறங்குவதையும் கணினி கணக்கு வைத்துக்கொண்டே போகும். முன்பெல்லாம் வெள்ளத்துக்கு ஒரு கணக்கு, வறட்சிக்கு ஒரு கணக்கு. இனி இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள்.

இதே காலத்தில் ஜப்பானில் சுகவாரா மசாமி செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்றன் கீழ் ஒன்றாக நான்கு பானைகள். ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் ஓட்டை, அடியிலும் ஓட்டை. மழை மேல் பானையில் விழுகிறது. பக்க ஓட்டையில் வருவது ஆற்றுக்கு, அடி ஓட்டையில் வருவது கீழ்ப் பானைக்கு. பெருமழையில் மேல் பானை நிரம்பிப் பக்க ஓட்டையில் பீறிடுகிறது. அது வெள்ளம். மழையில்லா மாதங்களில் அடிப் பானையிலிருந்து மெல்லக் கசிகிறது. அது கோடை நீரோட்டம். கிர்ச்சர் காலத்து மனிதர்கள் கேட்டார்களே, "மழை இல்லாதபோதும் ஆறு எப்படி ஓடுகிறது" என்று? அடிப் பானைதான் பதில். வறட்சியைச் சமாளிக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியதும் அந்த அடிப் பானையைத்தான்.

மாதிரிகள் பெருகியதும், எது நல்லது என்று மதிப்பெண் போட வேண்டியிருந்தது. நாஷ், சட்க்ளிஃப் இருவரும் 1970-இல் ஒரு அளவுகோல் தந்தார்கள். மாதிரி சொன்னது அப்படியே நடந்தால் 1. எப்போதும் சராசரியையே சொல்லிக்கொண்டிருக்கும் சோம்பேறிக்குச் சமம் என்றால் 0. அதைவிட மோசம் என்றால் மைனஸ்! பெரிய கணினி மாதிரிகள்கூட மைனஸ் வாங்கியதுண்டு.

பிறகு கீத் பெவன் என்ற ஆங்கிலேயர் ஒரு சங்கடத்தை எடுத்துச் சொன்னார். மைக் கர்க்பியோடு சேர்ந்து 1979-இல் நிலத்தின் மேடு பள்ளத்தை வைத்து நனைந்த பகுதியைக் கணக்கிடும் மாதிரியை உருவாக்கியவர் இவர். ஒரே மாதிரியில் கெழுக்களை எத்தனையோ விதமாக மாற்றிப் போட்டாலும் கடந்த கால வெள்ளத்துக்கு ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வருகிறது. இதில் எது உண்மையான மண்? சொல்ல முடியாது. ஆகவே ஒற்றை விடை சொல்லாதீர்கள், "இதிலிருந்து இதற்குள்" என்று ஒரு வரம்பைச் சொல்லுங்கள் என்று 1990-களிலிருந்து வலியுறுத்தினார். பொறியாளர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் மூடியைத் திறந்தவர்களில், உள்ளே இன்னும் இருட்டாக இருக்கிறது என்று நேர்மையாகச் சொன்னவர் இவர்.

கற்றுக்கொள்ளும் இயந்திரம்

உலகின் பெரும்பாலான ஓடைகளில் நீரை அளக்கும் நிலையமே இல்லை. 2003 முதல் 2012 வரை பன்னாட்டு நீரியல் அறிவியல் சங்கம் இந்த அளக்கப்படாத ஆறுகளுக்கென்றே ஒரு பத்தாண்டை ஒதுக்கி ஆய்வு நடத்தியது. முன்னேற்றம் வேறு திசையிலிருந்தும் வந்தது. மொழிகளையும் பேச்சையும் கற்கப் பயன்பட்ட ஒரு வகை நரம்பு வலைப்பின்னலை, நூற்றுக்கணக்கான அமெரிக்க ஆறுகளின் மழை, நீரோட்டப் பதிவுகளைக் கொடுத்து 2018-இல் பழக்கினார்கள். பத்தாண்டுக் கணக்கில் செதுக்கிய மாதிரிகளோடு அது போட்டி போட்டது. அதே 2018-இல் கூகுள் நிறுவனம் பாட்னாவில் வெள்ள எச்சரிக்கையைச் சோதனை முறையில் தொடங்கியது. 2024-இல் அவர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, அளவு நிலையம் இல்லாத இடங்களிலும், ஐந்து நாள் முன்னதாகச் சொல்வது, அதுவரை இருந்த உலகளாவிய முறை அன்றன்றைக்குச் சொன்னதற்கு இணையாக இருக்கிறது என்றது.

பெரிய சாதனைதான். ஆனால் இந்த இயந்திரம் எதிலிருந்து கற்றது? எங்கோ ஓர் ஆற்றங்கரையில், யாரோ பல்லாண்டுகளாக அளந்து எழுதி வைத்த எண்களிலிருந்துதான்.

செம்பரம்பாக்கம் சொல்லும் பாடம்

கடைசியாக சென்னைக்கு வருவோம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 47 சென்டிமீட்டர் மழை 100 சதுர கிலோமீட்டரில் விழுந்தாலே 1,600 மில்லியன் கன அடிக்கு மேல். நவம்பர் முழுக்கப் பெய்து மண் ஏற்கெனவே நனைந்து கிடந்தது. பின்னியின் அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள், மண்ணுக்கு இனி பங்கு வேண்டாம். ஏரியும் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. அன்று அடையாற்றில் திறந்துவிட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. அந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் 2,505 மில்லியன் கன அடி. ஏரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்! ஏரிக்குக் கீழே பெய்த மழையும் அதோடு சேர்ந்துகொண்டது.

முன்பே திறந்திருக்கலாமே என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்றும் ஓயவில்லை. நியாயமான கேள்வி. ஆனால் நான்கே ஆண்டு கழித்து, 2019 ஜூனில், செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் மறந்துவிடக் கூடாது. நவம்பர் கடைசியில் நிரம்பிய ஏரியின் மதகருகே நிற்கும் பொறியாளருக்கு இந்த இரண்டு ஆண்டுகளும் கண்முன் இருக்கும். திறந்தால் கோடை, திறக்காவிட்டால் வெள்ளம். நம்பத்தக்க மழை முன்னறிவிப்பும், மண்ணின் ஈரத்தைக் கணக்கில் எடுக்கும் மாதிரியும், ஆங்காங்கே வேலை செய்யும் மழைமானிகளும் கையில் இல்லாவிட்டால் அவருக்குத் துணை அனுபவம் மட்டும்தான். அனுபவம் என்பது ரைவ்ஸின் 6.8 மாதிரி. பார்த்த வெள்ளத்தை அறியும், பார்க்காத வெள்ளத்தை அறியாது.

வரிக்கணக்குப் பார்த்த பெரோவிலிருந்து நரம்பு வலைப்பின்னல் வரை பார்த்துவிட்டோம். சூத்திரங்கள் மாறிக்கொண்டே வந்தன, ஆனால் அளவு இல்லாமல் எந்தச் சூத்திரமும் வேலை செய்ததில்லை. நாக்பூரில் பின்னி அளந்தார், வெர்மான்ட்டில் டன் குழி வெட்டி அளந்தார். இன்றும் ஆற்றுப் பாலத்தின் தூணில் வரைந்த அளவுகோலைப் பார்த்து, நள்ளிரவு மழையில் டார்ச் விளக்கோடு நின்று எண்ணை எழுதிக்கொள்ளும் கடைநிலை ஊழியர் ஒருவர் எங்கோ இருக்கிறார். வெள்ளம் வரும்போது செய்தியில் அமைச்சர் பெயர் வரும், அணையின் பெயர் வரும். அவர் பெயர் வராது. ஆனால் அடுத்த வெள்ளத்தில் உயிர் பிழைக்கப் போகிறவர்கள் அவர் எழுதும் அந்த எண்ணுக்குத்தான் கடன்பட்டிருப்பார்கள்.